சந்தா நம்முடையது, சாவி அவர்களுடையது!

மாதம் பிறந்ததும் கேபிள் சந்தா கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறார். அந்த மாதத்தில் எத்தனை நாள் படம் தெரிந்தது என்ற கணக்கை மட்டும் அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மழை பெய்தால் சிக்னல் இல்லை. கரண்டு போய் வந்தால் சிக்னல் இல்லை. திரையில் ஏதோ ஒரு எண் வந்து நிற்கிறது. அதற்கு என்ன அர்த்தமென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்துவிட்டாலோ, "லைன்மேன் வருவார்" என்று பதில். இரண்டு நாள் ஆகிறது, நான்கு நாள் ஆகிறது, வந்தபாடில்லை. ஆனால் சந்தா முழுசாகவே வசூலாகிறது.

மில் தொழிலாளி ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் முதலாளி ஒரு நாள் கூலியைப் பிடிக்கிறான். நாற்று நடப் போன பெண் அரை நாளில் கரையேறினால் அரைக் கூலிதான். பத்து நாள் படம் காட்டாத கம்பெனி, பத்து ரூபாயாவது கழித்துக்கொள்கிறதா? உழைப்பவனுக்கு ஒரு சட்டம், கம்பெனிக்கு ஒரு சட்டமா என்று கேட்கிறோம்.

"டி.வி. வெறும் பொழுதுபோக்கு. இதற்கெல்லாம் ஒரு கிளர்ச்சியா?" என்று சில மேதாவிகள் மூக்கைச் சுளிக்கிறார்கள். இவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். புயல் எச்சரிக்கையும் பள்ளி விடுமுறை அறிவிப்பும் ஏழையின் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கம்பி வழியாகத்தான். கார்த்திகை மழையில் டெல்டா கிராமம் நனைந்துகொண்டிருக்கும்போது கம்பி செத்துப்போனால், செய்தியும் செத்துப்போகிறது. பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொண்டாலும், உழைத்துக் களைத்தவனுக்கு ஓய்வு உரிமையா இல்லையா? எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் சிகாகோவில் தொழிலாளிகள் ரத்தம் சிந்தியது, மிச்ச நேரம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த மிச்ச நேரத்தைக் காசு வாங்கிக்கொண்டு இருட்டாக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

யார் மேல் கோபம்?

படம் போனால் நாம் முதலில் யாரைத் திட்டுகிறோம்? தெருக்கோடியில் இருக்கும் ஆபரேட்டரை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் லைன்மேனை. தவறு செய்யும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். போனை எடுக்காதவனையும், ரசீது தராதவனையும் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பியின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா?

சானல் முதலாளி வானத்திலிருந்து சிக்னலை இறக்குகிறான். அதைப் பெரிய விநியோகக் கம்பெனி தன் கட்டுப்பாட்டு நிலையத்தில் வாங்கி, பூட்டுப் போட்டுக் கண்ணாடி இழைக் கம்பியில் அனுப்புகிறது. அங்கிருந்து உள்ளூர் ஆபரேட்டர் வாங்கித் தெருத்தெருவாகப் பிரிக்கிறார். நம் வீட்டுப் பெட்டி அந்தப் பூட்டைத் திறக்கிறது. இந்தச் சங்கிலியில் லைன்மேன் கையில் இருப்பது கடைசிக் கண்ணி மட்டுமே. கரண்டுக் கம்பத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறும் அவனும் கூலிக்காரன்தான். பூட்டும் சாவியும் மேலே இருப்பவன் கையில். மேலே இருப்பவன் பித்தானை அமுக்கினால் கீழே லட்சம் வீடு இருண்டுவிடும்.

இது கற்பனையல்ல. 2023 பிப்ரவரியில் நடந்தது. புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த கேபிள் கம்பெனிகளுக்குப் பெரிய சானல் முதலாளிகள் சிக்னலை நிறுத்தினார்கள். நாடு முழுவதும் சுமார் நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டன என்று கேபிள் கம்பெனிகளின் சம்மேளனமே கூறியது. சந்தா கட்டிய ஜனங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இரண்டு யானைகள் மோதின, மிதிபட்டது புல். கேபிள் கம்பெனிகள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படம் வந்தது. உயர்ந்த விலை யார் தலையில் விழும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

"விருப்பம் உங்களுடையது" என்ற மோசடி

2019 பிப்ரவரி 1-ந் தேதி முதல் புதிய கட்டண முறை வந்தது. "பார்க்கும் சானலுக்கு மட்டும் பணம் கொடுங்கள்; இனி நீங்களே ராஜா" என்று முரசறைந்தார்கள். நடந்தது என்ன? எந்தக் கட்டணச் சானலையும் பார்க்காவிட்டாலும், 100 இலவசச் சானல்களுக்குக் கம்பி வாடகை 130 ரூபாய் வரை. அதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 23 ரூபாய் 40 காசு. ஆக மொத்தம் 153 ரூபாய் 40 காசு! கட்டணச் சானல் வேண்டுமானால் அதற்குத் தனிப் பணம், அதற்கும் வரி. தனியாக வாங்கினால் விலை ஏறும். கட்டாக வாங்கினால் வேண்டாத சானல்களும் தலையில் ஏறும். ஒரு கிலோ அரிசி கேட்டவனிடம் மூன்று கிலோ உமியையும் சேர்த்துக் கட்டி விற்பதற்குப் பெயர் விருப்பமா?

130 ரூபாய் என்ற அந்த உச்சவரம்பாவது நிலைத்ததா? 2024 ஜூலையில் டிராய் ஆணையம் அதையும் எடுத்துவிட்டது. சந்தைப் போட்டியே விலையைக் கட்டுப்படுத்துமாம்! எந்தப் போட்டி? அதே 2024 நவம்பரில் அம்பானியின் ரிலையன்சும் அமெரிக்க டிஸ்னியும் தங்கள் இந்திய டி.வி. வியாபாரத்தை ஒன்றாக இணைத்தன. அந்தக் கூட்டுக் கம்பெனிக்கு அவர்களே போட்ட மதிப்பு 70,352 கோடி ரூபாய். இரண்டு திமிங்கலங்கள் ஒன்றாகிவிட்ட குளத்தில் போட்டி எங்கேயிருந்து வரும்?

இந்தச் சிக்னல் யாருடைய சொத்து? வான் அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுச் சொத்தில் ஏறி வரும் படத்துக்குத் தனியான் பூட்டுப் போடுகிறான். இதைக் கேட்க டில்லி சர்க்காருக்கு நாக்கு எழவில்லை.

அரசு கேபிளின் பாடம்

"அப்படியானால் அரசு கேபிள் என்ன வாழ்ந்தது? அதையும் தனியாரிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று முதலாளித்துவப் பிரசாரகர்கள் கேட்கிறார்கள். சரித்திரத்தைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் 2007-ல் உதித்தது. ஆளும் குடும்பத்துக்குள் எழுந்த சச்சரவு அதற்குத் தாய்; சச்சரவு தீர்ந்ததும் குழந்தையைப் பட்டினி போட்டார்கள். 2011 செப்டம்பரில் ஆட்சி மாறிய பின் அது மறுபடி உயிர் பெற்றது. மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கிடைத்தது. தனியார் ஏகபோகத்தின் விலையை உடைக்க முடியும் என்று அன்று நிரூபணமாயிற்று. அரசு கேபிளைக் குறை சொல்பவர்கள் இந்த 70 ரூபாயை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கோளாறு எங்கே வந்தது? டிஜிட்டல் லைசென்சுக்கு டில்லி பல வருஷம் இழுத்தடித்து 2017-ல்தான் அனுமதி தந்தது. அதற்குள் தனியார் கம்பெனிகள் வீடுகளைப் பிடித்துக்கொண்டன. அனுமதி வந்த பிறகாவது சர்க்கார் சொந்தக் காலில் நின்றதா? பெட்டியும், அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருளும் தனியார் கம்பெனிகளிடமிருந்து வந்தன. உடல் அரசினுடையது, மூளை வாடகைக்கு! விளைவு, 2022 நவம்பரில் ஒரு தனியார் கம்பெனியோடு பணத் தகராறு வந்தபோது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு கேபிள் வீடுகளில் படம் நின்றது. கம்பெனி வேண்டுமென்றே நிறுத்தியது என்று அரசுத் தரப்பே குற்றம் சாட்டியது. நாட்கணக்கில் ஜனங்கள் தவித்தார்கள். ஆத்திரப்பட்ட வாடிக்கையாளர் பலர் தனியார் பெட்டிக்கு மாறினார்கள். நஷ்டம் அரசுக்கு, வாடிக்கை தனியாருக்கு.

ஆகவே தோற்றது பொதுத்துறை அல்ல. பொதுத்துறையின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த தனியார்தான் அதன் கழுத்தை நெரித்தது. வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருடனிடம் கொடுத்துவிட்டு, வீடே வேண்டாம் என்பது என்ன நியாயம்? சாவியை வாங்க வேண்டும். அதுதான் பாடம்.

மாறுவதாவது சுலபமா? ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியில் ஓடாது. எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் பொதுப் பெட்டி வேண்டும் என்று டிராய் 2020-லேயே சிபாரிசு செய்தது. இன்றும் நம் வீட்டு அலமாரிகளில் செத்த பெட்டிகள் குவிகின்றன.

நாம் கோருவது என்ன?

ஒன்று: படம் தெரியாத நாளுக்குச் சந்தா இல்லை. கேட்டால்தான் என்றில்லாமல் தானாகவே கழிக்க வேண்டும்.

இரண்டு: கேபிள் கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி.யை ஏழை வீடுகளுக்கு ரத்து செய்ய வேண்டும். அடிப்படைக் கட்டணத்துக்கு மறுபடியும் உச்சவரம்பு வேண்டும்.

மூன்று: அரசு கேபிளைத் தனியாரிடம் தரக் கூடாது. பெட்டியும் மென்பொருளும் அரசின் சொந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும்.

நான்கு: கம்பெனிகளின் விலைச் சண்டையில் சந்தாதாரரின் சிக்னலை வெட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்.

ஐந்து: லைன்மேன்களுக்கு நியாயமான கூலி, இன்ஷூரன்ஸ், பாதுகாப்புக் கருவிகள் வேண்டும்.

சர்க்கார் தருமென்று காத்திருக்க வேண்டாம். 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி ஒவ்வொரு விநியோகக் கம்பெனியும் கட்டணமில்லாத போன் எண் வைக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுக்க வேண்டும். தோழர்களே, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். படம் நின்ற தேதியையும் வந்த தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சந்தாவுக்கு ரசீது கேளுங்கள். தனி ஆள் கேட்டால் போனை வைத்துவிடுவான்; ஐம்பது வீட்டுக் கணக்கை ஒரே மனுவாகக் கொண்டுபோய் வைத்தால் வைக்க முடியாது. ஆபரேட்டரையும் லைன்மேனையும் அந்த மனுவுக்குப் பின்னால் அழைத்து நிறுத்துங்கள். நம் சண்டை அவர்களோடு அல்ல, அவர்களையும் நம்மையும் சேர்த்துச் சுரண்டும் ஏகபோகத்தோடு.

மில் கேட்டில் ஒரு காசு கூலிக்கும் கணக்குக் கேட்கப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கை இந்த மாதச் சந்தாவிலிருந்தே தொடங்குவோம்!