போனில் டாக்டர்... ரசீது எங்கே?

படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால், டாக்டர் பார்ப்பது ஐந்தே நிமிடம். 'அதே மாத்திரையைத் தொடருங்க' என்பார். இந்த அலைச்சல் வேண்டாமென்றுதான் பல வீடுகளில் இப்போது வீடியோ கால். பீஸை ஜி-பேயில் அனுப்பினால், வாட்ஸ்அப்பில் மருந்துச்சீட்டு வந்துவிடுகிறது. ஆனால், கொடுத்த பணத்துக்கு ரசீது? கேட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று பலர் கேட்பதே இல்லை.

தாராளமாகக் கேட்கலாம். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசின் டெலிமெடிசின் நெறிமுறைகள் வெளியாகின. போனில் பார்த்தாலும் டாக்டர் நியாயமான கட்டணம் வாங்கலாம். வாங்கினால் ரசீது தர வேண்டும் என்கிறது அது. மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் அவருடைய மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத சீட்டு வந்தால், கூச்சப்படாமல் திருப்பிக் கேட்பதே நல்லது.

இந்த ரசீதுக்கு மதிப்பு இருக்கிறது. 60 வயதைத் தாண்டி, மருத்துவக் காப்பீடு இல்லாத பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில், ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை பிள்ளைகள் வருமான வரிக் கழிவு கோரலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. ரொக்கமாகக் கொடுத்த பணம் கணக்கில் வராது, ஜி-பே வரும். ரசீதில் பணம் அனுப்பிய மகனின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, சிகிச்சை பெற்ற அம்மாவின் பெயரும் இருக்கட்டும்.

காப்பீடு இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். டாக்டர் ஆலோசனைக் கட்டணத்தைத் தரும் பாலிசி என்றால், போன் ஆலோசனைக்கும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் அறிவுறுத்தியது. சிக்கல் என்னவென்றால், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் என்ற பாலிசிதான் பலரிடமும் இருக்கிறது. அதில் நேரில் பார்த்த பீஸே கிடைக்காது, போன் பீஸ் எங்கே கிடைக்கும்!

அம்மா கிராமத்தில், மகள் சென்னையில். அம்மாவுக்காக மகள் டாக்டரிடம் பேசலாமா? அம்மா பக்கத்தில் இருந்தால் பிரச்னையே இல்லை. இல்லாவிட்டால், அம்மா மறதி நோயாளியாகவோ பேச இயலாதவராகவோ இருக்க வேண்டும், அல்லது மகளுக்கு எழுத்துபூர்வமாக அனுமதி தந்திருக்க வேண்டும். முன்பு நேரில் பார்த்தபோதே 'என் பொண்ணு பேசுவா' என்று அம்மா டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தால் இன்னும் சுலபம்.

ஒரு விஷயத்தில் டாக்டரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. சில மருந்துகளை போனில் எழுத அவருக்கு அனுமதியே கிடையாது. புற்றுநோய் வலிக்கான மார்ஃபின் அப்படிப்பட்டது. வேறு சில மருந்துகளை, அதே நோய்க்காக அதே டாக்டர் கடந்த ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் எழுதலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் காட்டுவதை விட்டுவிடக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் வீடியோ கால் வேலைக்கு ஆகாது, 108-தான்.

பீஸ் கொடுக்க வசதியில்லாத வீடுகளுக்கு மத்திய அரசின் இ-சஞ்ஜீவனி இருக்கிறது; டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருகிற ஊழியர் பார்த்துச் சொல்லும் பி.பி., சுகர் அளவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், அடுத்த வீடியோ காலில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயார்.