46 கிலோவும் ஒரு கடிதமும்



ஜூலை பிறந்துவிட்டால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பல வீடுகளின் கூடத்தில் திறந்த பெட்டிகளைக் காணலாம். மேற்படிப்புக்காகக் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் புறப்படும் பிள்ளைகள் ஒருபுறம். தொழிற்பேட்டையில் கைத்தொழில் பழகி வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் சகோதரர் மறுபுறம். பல விமானங்களில் 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளுக்கே அனுமதி. ஆகவே இட்லிப் பொடியா, போர்வையா, பிரஷர் குக்கரா என்று ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்குகிறது.

இந்த யோசனையை நான் அற்பமென்று எண்ணவில்லை. பவுல் அப்போஸ்தலன் மரணத்தை எதிர்நோக்கிச் சிறையிலிருந்து எழுதிய நிருபத்திலேயே, துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவிடம் கேட்கிறார்; மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படியும் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:13, 21). குளிருக்கு அங்கி வேண்டுமென்பது விசுவாசக் குறைவன்று. எனவே தாய்மார் கவனிக்க வேண்டிய சிலவற்றை நானும் சொல்லுகிறேன். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் கைப்பையில் வையுங்கள். மருந்துகளோடு மருத்துவரின் சீட்டும் இருக்கட்டும். நம் அடுக்களையில் சாதாரணமாகக் கிடக்கும் கசகசா, ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைத்துவைத்த மசாலாவிலும் அது இருக்கலாகாது. ஆஸ்திரேலியாவுக்குச் செல்பவர் உணவுப்பொருளையும் விதைகளையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும்.

அதே வசனத்தில் பவுல் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கேட்கிறார். நமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் பணிக்காக, அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளும் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. யாரோ நமக்காகக் கப்பலில் ஏற்றியதை, நம் பிள்ளைக்காக நாம் பெட்டியில் வைக்க இடமில்லை என்று சொல்லலாமா? கைபேசியில் வேதம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்நிய தேசத்தில் பிறக்கப்போகும் பேரப்பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குவது, பெரும்பாலும் வீட்டில் கண்ணெதிரே கிடக்கும் புஸ்தகத்திலிருந்துதான்.

வைக்கக் கூடாதது ஒன்றும் உண்டு. ராகேல் தகப்பன் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவனுடைய சுரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்தின் கீழ் மறைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள் (ஆதியாகமம் 31). லாபான் கூடாரமெல்லாம் தேடியும் கண்டுபிடிக்கவில்லை. நாமும் அவ்வாறே கொண்டுபோகிற சுரூபம் ஒன்றுண்டு. அதன் பெயர் சாதி. எந்த விமான நிலையத் தராசிலும் அதற்கு எடையில்லை. எந்தச் சுங்க அதிகாரியும் அதைக் கேட்பதில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கண்டவுடன், ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றிவளைத்து விசாரிக்கும் அன்பான கேள்விக்குள் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளுகிறது. கர்த்தருடைய பந்தியில் ஒரே அப்பத்தைப் புசித்தவர்கள் அதை இங்கேயே விட்டுப் போகவேண்டும். இங்கே என்றால் நம் சபையில் என்று பொருளன்று. இங்கும் அதற்கு இடமில்லை.

இனி அந்தக் கடிதம். கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள் ரோமாபுரிக்குச் சென்றபோது, அவளை ஏற்றுக்கொண்டு உதவிசெய்யும்படி பவுல் அங்குள்ளவர்களுக்கு எழுதினார் (ரோமர் 16:1, 2). நம் சபைகள் கொடுக்கும் அங்கத்தினர் மாற்றுக் கடிதம் அந்த வழியில் வந்ததே. ஒரு தாள், எடை சில கிராம். ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்கள் மிகச் சிலர். காரணம் நமக்குத் தெரியும். விசா வரும்வரை வெளியே சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும் என்னும் பயம். பயண இரவில் விமான நிலையத்திலிருந்து புகைப்படம் வந்த பிறகே சபை அறிகிறது.

விசா மறுக்கப்பட்டால் நாலுபேர் முன் தலைகுனிவாகுமே என்று பெற்றோர் சொல்வது எனக்குப் புரிகிறது. அவர்கள் கேள்விப்பட்ட பேச்சுகள் அப்படிப்பட்டவை. அதற்கு நாவடக்கம் கற்கவேண்டியது சபையாரே. ஆனால் கண்ணேறுக்குப் பயந்து ஜெபத்தையும் தடுத்துக்கொள்வது நஷ்டம். புதிய ஊரில் முதல் மாதம் அறை கிடைக்காமலோ, வேலை ஒப்பந்தம் சொன்னபடி இல்லாமலோ தவிக்கும்போது, தன் பெயரை முன்னரே அறிந்த ஒரு சபை இருப்பது எவ்வளவு பெரிய ஆதரவு!

கடைசியாக ஒன்று. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு விரைந்து வெளியேறியபோது மாவு புளிப்பதற்குக்கூட நேரமில்லை. அந்த அவசரத்திலும் மோசே யோசேப்பின் எலும்புகளை மறவாமல் எடுத்துக்கொண்டுபோனார் (யாத்திராகமம் 13:19). முன்னோர் செய்த ஆணை அது. புறப்படுகிற பிள்ளைகளே, வயதான தாய் தகப்பனுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு எங்கே இருக்கிறது? நடு இரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது, மருத்துவக் காப்பீட்டு அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது, மாதாந்தர இரத்தப் பரிசோதனைக்கு யார் அழைத்துச் செல்வது என்று உட்கார்ந்து பேசி, எழுதிவைத்துவிட்டுப் போங்கள். பணம் அனுப்புவது நல்லது. அது மட்டும் போதாது.

பேசாமலிருக்கும் அண்ணன், மனஸ்தாபத்தில் இருக்கும் அத்தை வீடு, இவர்களையும் பயணத்துக்கு முன்னே போய்ப் பாருங்கள். பீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்திருக்கிறார் (மத்தேயு 5:23, 24). ஒரு பெட்டியை அரைநாள் திறந்தே வைத்திருப்பதில் என்ன குறை?

பயண நாள் குறித்திருப்போர் ஆராதனை முடிந்தபின் தயங்காமல் வந்து சொல்லுங்கள். கடிதத்தையும் எழுதித் தருகிறேன், சேர்ந்து ஜெபிப்போம். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ஆமென்.