அஞ்சு லட்சம் பாலிசி இருந்தும் கையைக் கடித்த பில்!

"இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, என்ன கவலை?" போன வருடம் குடல்வால் வெடித்து ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட என் அத்தை மகன் இப்படித்தான் தைரியமாக இருந்தார். நான்கு நாள் கழித்து டிஸ்சார்ஜ். பில் 1,60,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 1,15,000. மீதி 45,000 ரூபாய்க்கு அவர் மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போனது.

ஐந்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவர், ஒன்றரை லட்ச ரூபாய் பில்லுக்கு ஏன் கையிலிருந்து கட்ட வேண்டும்? "ஏமாத்திட்டாங்க" என்று கொதித்தார். பாலிசியை வாங்கிப் படித்துப் பார்த்தேன். காப்பீட்டுத் தொகையில் 1 சதவிகிதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்தான் அறை வாடகை என்று தெளிவாக இருந்தது. அவர் தங்கியது 8,000 ரூபாய் அறையில்.

"தினம் 3,000 கூட. நாலு நாளைக்கு 12,000 தானே?" என்றார். கணக்கு அதோடு முடியவில்லை. பல மருத்துவமனைகளில் அறை வாடகை ஏறினால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம், நர்ஸிங் எல்லாமே கூடவே ஏறும். அதனால் கம்பெனி அந்தச் செலவுகளையும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில்தான் கொடுத்தது. 88,000 ரூபாய்க்குக் கிடைத்தது 55,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆன 40,000 மட்டும் முழுதாக வந்தது. அவற்றில் இப்படிக் கழிக்கக் கூடாது என்பது விதி.

பாலிசி எடுக்கும்போது 'எத்தனை லட்சம்?', 'பிரீமியம் எவ்வளவு?' என்று இரண்டைத்தான் கேட்கிறோம். நம் வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறது, முடியாமல் போனால் எந்த மருத்துவமனைக்கு ஓடுவோம் என்று யோசிப்பதில்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்கிவிடுங்கள். பிரீமியம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு கிடைக்கும்.

தனியார் பாலிசி எடுப்பவர்கள், வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் ஒரே ஃப்ளோட்டர் பாலிசியில் சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள். வீட்டில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். மாமியாரின் ஒரு ஆபரேஷனிலேயே தொகை கரைந்துவிட்டால், அதே வருடம் பிள்ளைக்கு டெங்கு வந்தால் என்ன செய்வது? பெரியவர்களுக்குத் தனி பாலிசிதான் நல்லது. அதில் 'கோ-பே' இருக்கிறதா என்று பாருங்கள். 20 சதவிகிதம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு 1 லட்சத்துக்கும் 20,000 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும்.

அடுத்தது, காத்திருப்புக் காலம். விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் பொதுவாக க்ளைம் கிடையாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 4 ஆண்டுகளாக இருந்தது. கண்புரை, குடலிறக்கம் போன்ற சிலவற்றுக்கும் தனியாகக் காத்திருப்பு உண்டு. அதனால்தான், நோய் வந்த பிறகு பாலிசி தேடினால் உடனே பயன்படாது.

"சுகர்னு எழுதாதீங்கம்மா, பிரீமியம் ஏறிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்று மறைப்பதுதான் நாளை க்ளைமை மறுக்கக் காரணமாகிவிடும். மாத்திரை சாப்பிடுவது உட்பட எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

கணவரின் ஆபீஸ் பாலிசி மட்டும் போதும் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போனால் அந்தப் பாதுகாப்பும் போகும். அப்போது வயதும் ஏறியிருக்கும், உடம்புக்கும் ஏதாவது வந்திருக்கும். சிறிய தொகைக்காவது சொந்தமாக ஒரு பாலிசி இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது. முன்பு 18 சதவிகிதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

கேஷ்லெஸ் மருத்துவமனைப் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கலாம். அர்த்த ராத்திரியில் நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கும் மருத்துவமனை அதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கூடவே வரும் தகவல் சுருக்கத் தாளில் அறை வாடகை, காத்திருப்பு, கோ-பே மூன்றையும் பாருங்கள். பிடிக்கவில்லையா? 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போக பணம் திரும்ப வரும்.

அத்தை மகன் இந்த முறை புதுப்பிக்கும்போது, அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாறிவிட்டார். பழைய பாலிசியை விடாமல் மாற்றிக்கொண்டதால் அதுவரை காத்திருந்த வருடங்கள் வீணாகவில்லை. பிரீமியம் கொஞ்சம் கூடுதல்தான். "வட்டி கட்டுறதுக்கு இது தேவலை" என்றார் அவர் மனைவி. செயின் இன்னும் மீட்கப்படவில்லை.

உங்கள் வீட்டு பாலிசியில் அறை வாடகை எவ்வளவு? இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.