குறைத்த சோற்றின் இடத்தில் எது?

ரந்தாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, மரம் மரமாக வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து சென்ற ஒரு தலைமுறையினருக்கு, நண்பகலில் ஒரு கும்பா சோறும் பருப்புக் குழம்பும் ஓரத்தில் சிறிது நெத்திலியும் ஆகாரமாக அமைந்ததில் யாதொரு பிழையும் இல்லை. உண்ட மாவுச்சத்தை அவர்களுடைய தேகப் பிரயாசையே எரித்துவிட்டது. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயத்துப் பிள்ளைகள் சிரம்பானிலும் செனாவாங்கிலும் உட்கார்ந்த உத்தியோகத்துக்குப் போனார்கள்; கும்பா மட்டும் சிறுத்தபாடில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இருந்த இனிப்பு நீர், இந்தியரில் நூற்றுக்கு 31 பேருக்கு இருந்தது.

இந்தப் பீதியில் சோற்றை அடியோடு துறப்போர் பெருகியிருக்கிறார்கள். என் மைத்துனர் ஒருவர், "சோத்தையே தொடலை மச்சான்" என்று பெருமை பேசியபடி, பொரித்த கோழியும் தேங்காய்ப்பால் கறியுமாக இரண்டு வாரம் கழித்தார். சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிவந்ததால் ஒரு நாள் வியர்த்து மயங்கினார். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் மாவுச்சத்தை வெட்டுவது அபாயம்.

குறைத்த சோற்றின் இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதே என் அபிப்பிராயத்தில் பிரதானமான கேள்வி. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி தர, கொழுப்பு 9 தருகிறது. நம் சட்டியில் காயும் செம்பனை எண்ணெயிலோ ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் வி. மோகன் குழுவினர் 18,090 இந்தியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட கணக்கு, புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்கு மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26 என்று வகுக்கிறது. இது உண்ணவைத்துப் பார்த்த பரீட்சை அன்று, கணித அனுமானமே; எனினும் நம் நாக்குக்கும் வழக்கத்துக்கும் ஒத்த மிதமான பாதை என்பதால் நான் இதன் பக்கமே நிற்கிறேன்.

நாளொன்றுக்கு 1,600 கலோரி உண்பவருக்கு இது ஏறக்குறைய 200 கிராம் மாவுச்சத்து, 80 கிராம் புரதம், 45 கிராம் கொழுப்பு. இரண்டு கப் சோற்றிலேயே 90 கிராம் மாவுச்சத்து தீர்ந்துவிடும், மீதத்தில் பருப்பு, பழம், பசியாறும்போது தின்னும் ரொட்டி சானாய், தே தாரிக்கில் ஊற்றும் டின் பால் (அதை யார்தான் கணக்கில் சேர்க்கிறார்கள்!) எல்லாம் அடங்கவேண்டும். சிரமம் புரதத்தில்தான். முட்டை ஒன்றில் 6 கிராம். நூறு கிராம் கெம்போங் மீனிலோ தெம்பேயிலோ சுமார் 20. தண்ணீராய் ஓடும் சாம்பாரில் சொற்பம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்தப் புரத அளவு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தட்டில் காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கனி என்று சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை, தராசு வேண்டாதவர்களுக்குப் போதுமானது. ஆனால் பால் வெட்டிய கையால் பரிமாறும் என் தாயாருக்குக் காற்பங்கு என்பது அவமரியாதை. "ஒழைக்கிற பிள்ளை, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோய்யா" என்று அவர் அகப்பையைத் தூக்கும்போது, தட்டைக் கையால் மறைத்து, "சோறு போதும்மா, மீன்ல இன்னொரு துண்டு வை" என்று கேட்கப் பழகிவருகிறேன்.