"இதால என்ன பிரயோசனம் சேர்?"



ஒரு விஞ்ஞானச் செய்தியைப் பகிர்ந்தால் எங்கட ஊரில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேள்வி பிழையில்லை. ஆனால் கேட்கிறவர்களில் பலர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அந்தக் கேள்வியோடு பிள்ளையின் வாய் மூடிவிடுகிறது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

காந்தத்தைச் சூடாக்கினால் காந்தத்தன்மை குறையும் என்று படிப்பிக்கிறோம். எவ்வளவு வேகமாகக் குறையும்? 1996இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஒரு குழு நிக்கல் மென்படலத்தில் மிகக் குறுகிய லேசர் துடிப்பைப் பாய்ச்சிப் பார்த்தது. ஒரு பிக்கோ செக்கனுக்குள், அதாவது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், காந்தத்தன்மை பெருமளவு சரிந்தது. அவ்வளவு வேகத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அடுத்து, கலப்புலோகத்தில் எந்த மூலகம் என்ன செய்கிறது? இதற்கு எக்ஸ் கதிர் வேண்டும். ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய சக்தியில் எக்ஸ் கதிரை உறிஞ்சும். இரும்புக்கு ஏற்ற சக்தியை வைத்தால் இரும்பின் காந்தம் மட்டும் தெரியும். பெர்லினின் பெஸ்ஸி நிலையத்தில் கடோலினியம், இரும்பு, கோபாற்று கலந்த படலத்தை இப்படிப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். எதிரெதிர்த் திசையில் இருந்த இரண்டு காந்தங்களில் இரும்பினுடையது சுமார் 300 பெம்டோ செக்கனில் புரண்டது. கடோலினியத்துக்கு சுமார் 1.5 பிக்கோ செக்கன் எடுத்தது. இடையில் இரண்டும் ஒரே திசையில் நின்றன! அடுத்த வருடமே, வெளிக் காந்தப்புலம் இல்லாமல் லேசரின் வெப்பம் மட்டுமே காந்தத்தைத் திருப்பும் என்றும் காட்டினார்கள்.

பெம்டோ செக்கன் எவ்வளவு சிறியது? ஒரு செக்கனுக்குள் இருக்கும் பெம்டோ செக்கன்களை, செக்கனுக்கு ஒன்றாக எண்ணினால் 3 கோடி வருடத்துக்கு மேல் எடுக்கும்.

பிரயோசனம்தான் வேண்டுமா? காந்தப் படலங்களில் மின்தடை பெரிதாக மாறுவதை 1988இல் கண்டார்கள். பத்து வருடத்துக்குள் அது ஹார்ட் டிஸ்க்கின் வாசிக்கும் தலைக்குள் வந்தது. 2007இல் நோபல் பரிசு. பெம்டோ செக்கன் ஆய்விலிருந்து நாளைக்கே கடைக்குச் சாமான் வராது. வராவிட்டாலும் அது அறிவுதான்.

"அதெல்லாம் பணக்கார நாடுகளுக்கு" என்பார்கள். பெர்லினின் பழைய பெஸ்ஸி இயந்திரத்தின் பாகங்களை ஜேர்மனி ஜோர்தானுக்குக் கொடுத்தது. அதிலிருந்து தொடங்கிய செசமி நிலையம் 2017இல் திறக்கப்பட்டது. எகிப்து, பாகிஸ்தான், ஈரான், துருக்கி, பலஸ்தீன், ஏன் இஸ்ரேலும் அதில் உறுப்பினர்கள். அங்கே பெம்டோ செக்கன் துடிப்பு இல்லை. ஆனால் எக்ஸ் கதிர் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பணக்காரர்களா? சண்டை இல்லாதவர்களா?

எங்களிடம் அப்படி இயந்திரம் இல்லை. இருக்கட்டும். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு இயந்திரம் தேவையில்லையே. பெற்றோரே, உங்கட மகளோ மகனோ இப்படி ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தால் பிரயோசனத்தைப் பிறகு விசாரியுங்கள். முதலில் "அதை எப்படி அளந்தாங்க?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பாடசாலைக்கு அனுப்புங்கள், சேர்ந்து தேடுவோம்.