பாட்டுப் போடுகிறவர் கவனத்திற்கு



இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இம்முறை கல்யாண விருந்தில் ஆடுவதற்குப் பாட்டுப் போடுவது எப்படி என்று எழுதப்போகிறேன். “இதற்கெல்லாமா வாத்தியார் வரவேண்டும்?” என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஒரு பாட்டி விருந்தின் பாதியில் எழுந்து போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குளுவாங்குக்கு அருகே ஒரு மண்டபம். மணப்பெண் எங்கள் தோட்டத்துப் பிள்ளை, என்னிடம் படித்தவள். பாட்டுப் போட வந்தவனும் என் பழைய மாணவன்தான். வார நாட்களில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் டி.ஜே. தொழில். ஆள் உயரத்துக்கு ஒலிப்பெட்டிகளும் சுழல் விளக்குகளுமாக மேடையை அமர்க்களமாக அலங்கரித்திருந்தான்.

கேக் வெட்டியதும் பாட்டு தொடங்கியது. முதல் பாட்டே தலைதெறிக்கும் வேகம். இருபது இளைஞர்கள் மேடைக்கு முன்னால் பாய்ந்தார்கள். இரண்டாவது பாட்டு அதைவிட வேகம். மூன்றாவது இன்னும் வேகம். மேசைகளில் இருந்த முந்நூறு பேரும் பேச முடியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன.

மணப்பெண்ணின் பாட்டிக்கு 76 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். கணவரை இழந்த நாளிலிருந்து, நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கக்கூடாதென்று ஓரமாக ஒதுங்கியே பழகியவர். பேத்தியின் கல்யாணம் என்பதால் அன்று முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கே எழுந்துவிட்டார். நான்தான் என் காரில் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியில், “பாட்டு நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. எனக்குத்தான் அங்க எடமில்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது மண்டபத்தில் தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருந்தது. ஆடும்போது தோளோடு தோள் இடித்ததில் ஆரம்பித்ததாம். மணப்பெண்ணின் தகப்பனார் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்தார், கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்: “சத்தமாப் போட்ட தம்பி, சந்தோஷமாப் போடலியே.”

மறுவாரம் அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான். “எங்க சார் தப்பு? எல்லாமே இப்ப ஓடுற பாட்டுதான்” என்றான்.

“ஆடிய இருபது பேரைத் தவிர வேறு யாரையாவது பார்த்தாயா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்து, “பெட்டியைத்தான் சார் பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றான். பிறகு அவனே ஒரு செய்தி சொன்னான். சிங்கப்பூரில் உடன் வேலை செய்யும் நண்பர்கள் ஒருநாள் இரவு அவனை ‘ஸ்விங்’ நடனக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒரு பெண் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாளாம். கருவியைப் பார்த்ததைவிட ஆடுகிறவர்களின் கால்களைத்தான் அவள் அதிகமாகப் பார்த்தாள் என்றான். மூன்று பாட்டு வேகமாகப் போனால் நான்காவது பாட்டில் மூச்சுவாங்க விடுகிறாள். ஓரத்தில் நிற்கிறவர்கள் வெகுநேரம் நின்றுவிட்டால், புதிதாகக் கற்றவரும் ஆடக்கூடிய ஒரு பாட்டைப் போடுகிறாள்.

இந்த ஸ்விங் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நமக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் சந்ததியினர் வளர்த்த ஜாஸ் இசையில், 1930களில் ஓங்கி நின்ற வகை அது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ‘சவாய்’ என்ற நடன மண்டபம் 1926இல் திறக்கப்பட்டது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆட முடியாத இடங்கள் நிறைந்திருந்த காலத்தில் சவாய் இருவருக்கும் கதவைத் திறந்து வைத்தது. அங்கே இரண்டு இசைமேடைகள் இருந்தன. ஒரு குழு ஓய்ந்தால் மற்றது தொடங்கும், ஆட்டம் அறுந்துபோகாது.

அந்த மண்டபத்தின் செல்லப்பிள்ளை சிக் வெப் என்ற டிரம்ஸ் கலைஞர். முதுகெலும்பு நோயால் உடல் குறுகிப்போனவர். 1937ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி, நாடெங்கும் புகழ்பெற்ற பென்னி குட்மேன் குழுவோடு அவருடைய குழு சவாயில் போட்டியிட்டது. சிக் வெப்தான் வென்றார் என்று கூட்டம் கொண்டாடியது. அந்தத் தளத்தில் ஆடுகிறவர்களுக்காகவே இரவுக்கிரவு வாசித்தவர் அவர். அவர்களுடைய கால் எதற்கு எழும் என்பது அவருக்குக் கைமேல் தெரிந்திருந்தது. வென்றதில் வியப்பென்ன?

அங்கே ஆடியவர்களில் ஒருவர் ஃபிராங்கி மேனிங். அந்த நடனத்தின் மவுசு குறைந்த பிறகு தபால் இலாகாவில் பல வருடம் வேலை பார்த்தார். 1980களில் இளைஞர்கள் அவரைத் தேடிப்போக, முதிய வயதில் ஊர் ஊராகச் சென்று ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். 2009இல், 95 வயதை எட்ட ஒரு மாதம் இருக்கையில் காலமானார். சவாய் மண்டபம் 1958இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே பிறந்த ஆட்டம் இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஆடப்படுகிறது.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, “தம்பி, அந்தப் பெண் செய்ததை நம் நாதசுரக்காரர் காலங்காலமாகச் செய்து வருகிறாரே!” என்றேன். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, விடியலுக்கு பூபாளம், சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்பும்போது நீலாம்பரி. தாலி கட்டும் நேரத்தில் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தியதும் கெட்டிமேளம் முழங்குகிறது. அபசகுனமான சொல்லோ தும்மலோ யார் காதிலும் விழாதிருக்கட்டும் என்பதற்காக வந்த வழக்கம் அது. வாசிக்கிறவரின் கண் மணவறையை விட்டு அகன்றால் நல்ல நேரம் தவறிவிடும். கும்மியைப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கி, கைகள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். முதல் அடியிலேயே துரித காலத்தில் பாடினால் வட்டம் உடைந்துவிடும் அல்லவா?

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து பாட்டுகளைப் பிரித்தோம். அவனிடம் ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தது. ஆனால் ஒன்றின் வேகமும் அவனுக்குத் தெரியாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் 15 விநாடி கை தட்டச் சொன்னேன். தட்டின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். நூறு, நூற்றுப்பத்து என்றால் பெரியவர்கள் நடக்கிற நடையிலேயே ஆடலாம். நூற்றிருபது, முப்பது என்றால் பெரும்பாலோருக்கு ஏற்றது. நூற்றைம்பதைத் தாண்டினால் இளங்கால்களுக்கு மட்டும். முதல் விருந்தில் அவன் போட்ட பாட்டுகளை இப்படி எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாமே கடைசி வகை!

பிறகு வயதுவாரியாகப் பிரித்தோம். 1958இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் ஜி. ராமநாதன், ராஜா ராணிக் கதைக்குள்ளேயே மேல்நாட்டு ஆட்ட இசையைக் கொண்டுவந்து வைத்தார். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் ‘டுவிஸ்ட்’டை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படங்களில் இவற்றைப் பார்த்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் இசைக்கு அடுத்த தலைமுறை ஆடும். அக்காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் பழைய பாட்டுகள் சுருக்கமானவை. அதுவும் வசதிதான், களைப்பதற்குள் முடிந்துவிடும்.

மலாய்ப் பாட்டையும் விடவில்லை. 1973இல் மறைந்த பி. ரம்லி, ஜோகெட்டையும் ரும்பாவையும் ஸ்விங்கையும் இந்துஸ்தானி மெட்டையும் ஒரே சட்டியில் போட்டுத் தாளித்தவர். அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பாக்தி’ 1950இல் வந்தது. அதை இயக்கிய எல். கிருஷ்ணன் நம்மவர். ஆகவே அந்தப் பாட்டுகளில் நமக்கும் ஒரு பங்குண்டு. அலிகேட்ஸ் குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள் மலாயில் பாடிய பாட்டுகளையும் சேர்த்தோம். நம் விருந்துக்கு வரும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் கடைக்காரத் தவுக்கேயும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ன?

இதைச் செய்து பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. அது சந்தோஷமான சந்தர்ப்பம் என்று சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறி, பழைய லயத்து வீடுகளைக் காலி செய்யும்படி ஆயிற்று. பிரியுமுன் ஒரு நாள் எல்லாரும் கூடிச் சாப்பிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பாசிர் கூடாங்குக்கும் கூலாயிக்கும் ஏற்கெனவே குடிபோனவர்கள் கூடப் பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள். அந்தப் பாட்டியும் மறுமாதம் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவர். வந்து, வழக்கம்போல் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பையன் இம்முறை பெட்டிகளைப் பாதியாகக் குறைத்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்திலிருப்பவரோடு பேசக்கூடிய அளவில்தான் பாட்டு. பிறகு குழந்தைகளுக்கு இரண்டு பாட்டு. குழந்தைகள் ஆடினால் தாய்மார்கள் தாமாக எழுந்து வருவார்கள் என்பது எங்கள் கணக்கு. அது பலித்தது. இளைஞர்களுக்கு மூன்று வேகப் பாட்டு. உடனே ஒரு நிதானமான பாட்டு. ரம்லியின் பாட்டு வந்ததும் லாரி ஓட்டும் மலாய்க்கார அண்ணன் எழுந்து ஜோகெட் ஆடினார். தவுக்கேயின் மனைவி கைகொட்டி நின்றார். ஒருமுறை அவன் போட்ட பாட்டுக்கு ஒருவரும் எழவில்லை. முன்பென்றால் சத்தத்தைக் கூட்டியிருப்பான். இப்போது அதைப் பாதியில் மெல்லத் தணித்து வேறு பாட்டுக்குப் போனான்.

பத்து மணி இருக்கும். நூறு தட்டுக்குச் சற்று மேலே இருந்த ஒரு பழைய நாட்டுப்புற மெட்டைப் போட்டான். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த அம்மா ஒருவர் எழுந்து கைகொட்டத் தொடங்கினார். இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்து வட்டம் கட்டினார்கள். பேத்தி ஓடிப்போய்ப் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். “நான் எதுக்குடி, நான் எதுக்கு” என்று சொல்லிக்கொண்டே பாட்டி வந்தார். இரண்டு சுற்று தயங்கினார். மூன்றாவது சுற்றில் அவர் கை சரியான இடத்தில் தட்டியது. அந்தக் கைகள் எத்தனை விடியற்காலையில் எத்தனை மரம் சீவியிருக்கும்! பாட்டு முடியும் தறுவாயில் பையன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே மெட்டில் இன்னொரு பாட்டை அவனாகவே தொடுத்தான்.

அன்றிரவு சண்டை இல்லை. கடைசிப் பாட்டு மெதுவானதாக இருந்தது. அது முடிந்து விளக்கு எரிந்த பிறகும் ஜனங்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாசகர்களே, நம் வீட்டு விசேஷத்துக்குப் பாட்டுப் போடப் பணம் கொடுக்கிறோம். பெட்டி எத்தனை, விளக்கு எத்தனை என்று கேட்கிறோம். வருகிறவர்கள் யார் யார், எந்த வயதினர் என்று பாட்டுப் போடுகிறவரிடம் சொல்கிறோமா? அடுத்த முறை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாட்டிக்குப் பிடித்த இரண்டு பாட்டை அதில் சேர்த்துவிடுங்கள். சத்தத்திலும் கவனம் வையுங்கள். 85 டெசிபல் வரை எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. 100 டெசிபல் என்றால் பாதுகாப்பு கால் மணி நேரம்தான். கைக்குழந்தையைப் பெட்டிக்கு அருகே உட்கார வைக்காதீர்கள்.

பாட்டுப் போடும் தம்பிமாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஆடிக்கொண்டிருப்பவர்களை மகிழ்விப்பது சுலபம். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரை எழுப்புகிற பாட்டு எது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு நொடி நிமிர்ந்து பாருங்கள்.

பாட்டி இப்போது நான்காவது மாடியில் இருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். லயத்து வாசலைப்போல அங்கே உட்கார்ந்து பேச இடமில்லை என்று வருத்தப்பட்டார். புறப்படும்போது, “அந்தப் பாட்டுக்காரத் தம்பி நல்லா இருக்கானா வாத்தியாரே?” என்று விசாரித்தார்.

நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.