இரண்டு நரகங்கள்

நரகம் என்பதாக ஒன்றைக் கற்பித்து, அதில் எண்ணெய்க் கொப்பரையையும் செக்கையும் வைத்து மக்களை நடுங்கச் செய்தவர்கள் நம் புராணிகர்கள். அதன் பலன் என்ன? கேட்டவன் பயந்தான், பயந்தவன் பணிந்தான், பணிந்தவன் தட்சணை கொடுத்தான். வேறு பலன் உண்டா?

மேல்நாட்டு ஆசிரியர்கள் சிலரும் நரகங்களை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை செத்த பிறகு போகும் நரகங்கள் அல்ல. மனிதன் யோசிப்பதை விட்டுவிட்டால் இந்தப் பூமியிலேயே என்ன நேரும் என்று காட்டும் நாவல்கள்.

ருஷிய எழுத்தாளர் ஜம்யாட்டின் "நாம்" என்னும் நாவலில், பெயருக்குப் பதிலாக நம்பர் தரித்து, கண்ணாடி வீடுகளில் வாழும் ஜனங்களைக் காட்டினார். 1924ல் அது இங்கிலீஷில் வந்துவிட்டது. அவரது சொந்த நாட்டிலோ 1988 வரை வெளிவர விடவில்லை. கடவுள் இல்லை என்று சொன்ன சர்க்காரே ஒரு கதைக்குப் பயந்தது! கடவுளை இறக்கிய பீடத்தில் தலைவனை ஏற்றிவிட்டால் பீடம் ஒழிந்ததாகுமா?

பீகாரில் மோதிஹாரியில் பிறந்த வெள்ளைக்காரர் ஜார்ஜ் ஆர்வெல், 1949ல் "1984" என்ற நாவலை வெளியிட்டார். அதில் கட்சியானது இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொன்னால், சொன்னால் மட்டும் போதாது, மனதாரவும் நம்பவேண்டும். கல்லைக் கடவுள் என்று நம்பச் சொல்லும் மதத்திற்கும் இதற்கும் என்ன பேதம்? 2014ல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள், இந்த நாவலைப் பொது இடத்தில் மௌனமாகப் படித்தே எதிர்ப்பைக் காட்டினார்கள்.

கனடா நாட்டு மார்கரெட் அட்வுட் 1985ல் எழுதிய "பணிப்பெண்ணின் கதை"யில் மதவாதிகள் ஆட்சியைப் பிடிக்கிறார்கள். பெண்ணுக்குச் சொத்தில்லை, வேலையில்லை, படிக்கவும் உரிமையில்லை. வேதப் புத்தகம் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்; வீட்டு எஜமானனே திறந்து வாசிப்பான். பெண்ணும் சூத்திரனும் வேதம் ஓதக்கூடாதென்று எழுதிவைத்த நாட்டில் இதற்கு வியாக்கியானம் வேண்டுமா? 2017ல் அமெரிக்காவிலும் 2018ல் அர்ஜென்டினாவிலும் பெண்கள் அக்கதையில் வரும் சிவப்பு அங்கியையும் வெள்ளைத் தொப்பியையும் அணிந்து உரிமைக்காகப் போராடினார்கள்.

"புராணமும் கதை, நாவலும் கதைதானே?" என்று சிலர் கேட்கலாம். புராணக்காரன் தன் கதையை நிஜம் என்கிறான். சந்தேகித்தால் பாவம் என்கிறான். நாவலாசிரியனோ கதை என்றே சொல்லி, யோசித்துப்பார் என்கிறான். வித்தியாசம் இதுதான்.

ஆகவே தோழர்களே, இவைகளைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். எவன் கேள்வி கேட்காதே என்கிறானோ, அவன் காவி கட்டியிருந்தாலும் சரி, கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் சரி, அவனிடம்தான் முதல் கேள்வியைக் கேளுங்கள்.